நாலாம் எண் இடம்

தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் பின்புறம்
மாதம் எண்ணூறு ரூபாய்க்கு
என் பழைய சான்ட்ரோவுக்கு ஓர் இடம்.
சிமென்ட் தரையில் மஞ்சள் பெயிண்டில் 4.

இரவு டூட்டி முடிந்து வந்து
வண்டியை விட்டுப் பூட்டிக் குனிந்தால்
பின்சக்கரத்தருகே, இடப்பக்கம்,
நாலின் காலடியில் ஓர் ஈரம்.
சித்திரையில், இந்த ஊரில்,
ஏழரை மணிக்குள் தண்ணீராய் இருந்ததெல்லாம்
போய்விட்டிருக்கும்.
போகாதது வேறு ஏதோ.

எனக்கு இதுதான் தொழில்.
ஆஸ்பத்திரி லேபில் எட்டு மணி நேரம்
அடுத்தவர் உடம்பிலிருந்து வந்ததன் நிறம் பார்ப்பது.
வைக்கோல் மஞ்சள், கட்டன் சாயா, கலங்கிய கஞ்சி.
முகம் தெரியாது,
பார்கோடு தெரியும்.

தொட்டேன், வெறுங்கையால்.
அங்கே செய்தால் மெமோ கொடுப்பார்கள்.
கூலன்ட் பச்சையாய் இருக்கும், இனிப்பாய் மணக்கும்,
நாய் நக்கிச் செத்துப்போகும்.
இன்ஜின் ஆயில் இந்த வயதில் கறுப்பு.
இது தேன் நிறம்.
விளக்கெண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தம்போல் ஒரு நெடி.
துடைத்த பிறகும் விரலில் வழுக்கியது.
அதைவிட,
பெயிண்டைத் தின்றிருந்தது.
நாலுக்கு ஒரு கால் பாதி இல்லை.

பிரேக் ஆயில்.

கிளவுஸ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
வண்டியின் அடியில் தள்ளினேன்.
சக்கரம் நிற்கும் இடங்களை
பேனாவால் வட்டமிட்டேன்.
பிறகு போய்ப் படுத்தேன்,
தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

மூன்றரைக்கு உருவிப் பார்த்தேன்.
முன்னால் ஏசி தண்ணீர் காய்ந்த வளையம்.
நடுவில் கறுப்பாய் ஓர் எட்டணா:
பொங்கலிலிருந்து தேவசகாயம்
வாஷர் மாற்றித் தருகிறேன் என்கிற அதே எட்டணா.
பின்சக்கர வட்டத்தில் ஒன்றுமில்லை.
அட்டை, வெறும் அட்டை.
நெகட்டிவ்.

சந்தோஷம் அரை டம்ளர் காபிவரை இருந்தது.
அப்புறம்
அது யாருடையது?

"நீங்க நைட் டூட்டின்னா
காலி இடத்த நான் ஏன் மேடம் சும்மா விடணும்?"
முஷ்டாக் பாய் வெட்கப்படவில்லை.
நாலைத் திரும்ப எழுத முந்நூறு ஆகும்,
யார் தருவது என்று கேட்டார்.
ரிஜிஸ்டரைத் திருப்பினார்.
அறை பதினொன்று, ஓபுலேசு, மதனபள்ளி,
வெள்ளை பொலேரோ.
காலில் மாவுக்கட்டுடன் ஒரு பெண் குழந்தை.
"காலைலயே வண்டிய எடுத்து வெளிய புங்கமரத்தடில போட்டுட்டாரு.
டிஸ்சார்ஜ் ஆகி, இப்பத்தான்,
மூணு மணிக்குக் கெளம்பினாங்க."

காட்பாடி மேம்பாலத்தில் நெரிசல் என்றால்
இன்னும் கிறிஸ்டியான்பேட்டை தாண்டியிருக்காது.
நெரிசல் இல்லையென்றால் சித்தூர் ரோடு நேராக ஓடும்,
நேரான ரோட்டில் பிரேக் யாருக்கும் ஞாபகம் வராது.
சித்தூருக்கு அப்பால் மொகிலி மலையிறக்கம்,
லாரிகள் முனகிக்கொண்டு வரும்.

ஒரு சொட்டுதானே என்று
என் லேபில் யாரும் சொல்வதில்லை.

இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.
வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார் போல.
நல்ல பழக்கம் என்று நினைத்தேன்,
அந்த நல்ல பழக்கத்தைச் சபித்தேன்.

மூன்றாவது முறை: "செப்பண்டி."

ரத்தம் எடுக்கும் கவுன்டரில் இருந்த காலத்தில்
ஊசியை உருவியதும் எழப் பார்ப்பவர்களிடம் சொல்லிச் சொல்லி
நான் கற்ற ஒரே தெலுங்கு
"ஆகண்டி."
சொன்னேன்.
பிறகு "பிரேக்" என்றேன்.
அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

டயர் சரளையில் ஏறும் சத்தம்.
ஹேண்ட்பிரேக் இழுபடும் சத்தம்.
குழந்தை ஏதோ கேட்டது.
கதவு.
செருப்பு நாலைந்து அடி நடந்தது,
முட்டி ஒன்று சொடுக்கியது.

நான் காத்திருந்தேன்,
ரிசல்ட் கொடுக்கும் ஜன்னலுக்கு
வெளியே நிற்கிறவர்களைப்போல,
கையில் சீட்டில்லாமல்.

வெகுநேரம் கழித்து,
விரலை முகர்ந்துகொண்டே பேசுகிற குரலில்,
"தேனெ லாக உந்தி" என்றார்.
தேன் மட்டும் புரிந்தது.